வாய்மையே வெல்லம்

அசல் வில்லை கூடாது என்று
வக்கீல் கடிதம் மூன்று பக்கம்.
சிங்கம் கூடாது.
கோபுரம் அதே கோபுரமாய் இருக்கக் கூடாது.
பத்தடி தூரத்தில் போலீஸாய்த் தெரியலாம்,
கைக்கெட்டும் தூரத்தில் தெரியக் கூடாது.

இயக்குநருக்கு அசல்தான் வேண்டும்.
ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர்
டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார்.
ஐந்நூறு ரூபாய்.
திறந்து பார்த்தேன். ஓரமெல்லாம்
முப்பது வருட வியர்வை பச்சை பூத்திருந்தது.
மூடிக் கொடுத்துவிட்டேன்.

நூர்தீன் கடை காரைக்குடிக் கல்லுக்கட்டியில்.
ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப்பலகை, பித்தளை வேலை.
"சிங்கத்துக்குப் பதிலா?"
"யாளி போடு. கோபுரத்துல ஒரு நிலையைக் குறை."
"கீழ வாசகம்?"
யோசித்தோம். டீ வந்தது.
உளியைக் கையில் எடுத்தவன்
ஒற்றை உகரத்தை விட்டுவிட்டு அடித்தான்.
வெல்லும், வெல்லம் ஆயிற்று.
ஏழு வில்லை. ஜி.எஸ்.டி. தனி.

கானாடுகாத்தானில் வீடு பிடித்திருந்தார்கள், நாள்வாடகைக்கு.
வளவில் மேசை போட்டதும் காவல் நிலையம்.
சீர்ப் பாத்திரம் அடுக்கிய அறைக்குக்
கம்பி வைத்ததும் லாக்கப்.
பார்வையிட வந்த எஸ்.ஐ. ஜெசிந்தா
தன் தொப்பியைக் கழற்றி
என் தொப்பி பக்கத்தில் வைத்தார்.
யாளியின் தும்பிக்கையை நகத்தால் சுரண்டினார்.
வாசகத்தைப் படித்தார், சிரிக்கவில்லை.
"போடுறது குத்தமில்ல.
போலீஸ்னு ஒருத்தர் நம்புற மாதிரி நடந்துக்கிட்டா குத்தம்.
கேட்டைத் தாண்டக் கூடாது."

நம்புகிற மாதிரி நடப்பதற்குத்தான்
மாசிலாமணிக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
நான் அதைச் சொல்லவில்லை.
பதினேழு படத்தில் இன்ஸ்பெக்டர் அவன்,
ஒன்றிலும் வசனம் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டைத் தாண்டினான்,
பீடிக்கு.

பித்தான் தைத்துக்கொண்டிருந்த நான்
ஊசியோடு ஓடுவதற்குள்
பஞ்சவர்ணம் அவனைப் பிடித்துவிட்டாள்.
பள்ளத்தூரில் நகைச்சீட்டு.
நாற்பத்திரண்டு மாதம் கட்டியிருக்கிறாள்.
நடத்தியவன் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.
மஞ்சள் பையில் ரசீதுகள் மாத வரிசையில்,
ஐப்பசி ஒன்று மட்டும் எலி கடித்தது.

"நான் போலீஸ் இல்லம்மா, நடிகன்"
என்றான் மாசிலாமணி.
அவனுடைய முதல் வசனம்.
அவள் அண்ணாந்து தொப்பியைப் பார்த்தாள்.
எழுத்துக் கூட்டினாள்:
வாய்மையே... வெல்லம்.
"பாத்தியா, தப்பா இருக்கு."
தன்னைத் தானே காட்டிக்கொடுத்தான்.

"இருக்கட்டும்யா.
சரியா எழுதியிருக்கிற எடத்துல
பதினோரு நாளா உக்காந்து எந்திரிச்சிட்டேன்.
நீ எழுதிக்க."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து எழுதினான்,
கால்ஷீட்டைத் திருப்பிப்போட்டு.
தொகை, தேதி, ஷட்டரின் நிறம்.
எலி கடித்ததையும்.
அவள் கையெழுத்துப் போட்டாள்,
ஊர் பெயரோடு.
பீடி வாங்க மறந்து திரும்பினான்.

வக்கீலின் மூன்று பக்கத்தையும்
இரவு மறுபடி படித்தேன்.
ஏமாற்றுவதற்கு இரண்டு பத்தி.
இல்லை இல்லை என்றும் நம்பப்படுவதற்கு
ஒரு வரி இல்லை.
பதிவேட்டில் குறித்தேன்: வில்லை ஏழு, ஏழும் வந்தது.
காக்கிச் சட்டைப் பையில்
நாலாக மடித்த தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
சட்டை காலையில் சலவைக்குப் போகும்.
தாளை எடுத்து என் பையில் வைத்தேன்.

மறுநாள் எண்ணிப் பார்க்க வந்தார் ஜெசிந்தா.
வில்லைகளோடு அதையும் நீட்டினேன்.
நின்றபடி முழுதும் படித்தார்.
திருப்பினார்:
சீன் நாற்பத்து மூன்று. பகல். காவல் நிலையம்.

"நல்லா எழுதியிருக்காங்க.
இன்னிக்கு எடுக்கிறீங்களா?"

"இது நீங்க எடுக்கிறது மேடம்" என்றேன்.

வளவில் யாரோ லைட்டைத் திருப்பினார்கள்.
இரண்டு தொப்பிகளும் ஒரே மாதிரி மின்னின.
அவர் தாளை மடிக்கவில்லை,
திருப்பித் தரவும் இல்லை.